கவ்வாத்துக் கத்தியும் கத்திச் சட்டமும்

இந்த இதழின் தலையங்கத்தைத் திருகோணமலையிலிருந்து எழுதுகிறோம். தோட்டத் தொழிலாளரின் சங்கப் பத்திரிகைக்குத் துறைமுகப் பட்டினத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் லயங்களை விட்டு ஓடிய நம்மவர்களில் ஒரு பகுதியினர் வடக்குக்கும் கிழக்குக்கும் போனார்கள். திருகோணமலை மாவட்டத்திலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிறார்கள். தோட்டத்தில் கிடைக்கும் பேர் வீட்டுச் செலவுக்குப் போதாது என்று இன்றும் நம் இளைஞர்கள் கண்டியில் பஸ் ஏறி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக இங்கே கூலி வேலைக்கு வருகிறார்கள். மீன் வாடியில் நிற்கிறார்கள், கடையில் மூட்டை தூக்குகிறார்கள், காணி துப்புரவு செய்கிறார்கள், இளநீர் வெட்டுகிறார்கள். அவர்களில் ஒருவருக்காகத்தான் நாம் இங்கு வரவேண்டியிருந்தது.

அந்தத் தம்பிக்கு 22 வயது. தகப்பன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். மகன் காணி துப்புரவு வேலைக்குப் புறப்பட்டபோது, தான் பல வருடம் பாவித்த பழைய கவ்வாத்துக் கத்தியைத் தகப்பன் கொடுத்து அனுப்பினார். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்த கத்தி. அதை அரிசிச் சாக்கில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்து திரும்பும் வழியில் சோதனையில் பிடிபட்டார். "இது எதற்கு?" என்று கேட்டார்கள். "வேலைக்கு" என்றார். "வேலைக் கத்தி ஏன் இவ்வளவு கூராக இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு அவர் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. சிங்களம் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் நீதவான் முன்னிலையில் பிணை கிடைத்தது. மூன்று நாள் கூலி போயிற்று. கத்தி வழக்குப் பொருளாகிவிட்டது.

தகப்பனிடம் நாம் தொலைபேசியில் பேசினோம். மகன் வெளியே வந்துவிட்டான் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "டீச்சர், கத்தியத் திருப்பித் தருவாங்களா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இருக்கவில்லை.

இது ஒரு தனி மனிதனுடைய சின்னக் கஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் நாட்டில் எங்காவது ஒரு வெட்டுச் சம்பவம் நடக்கும் ஒவ்வொரு முறையும் அதே கோரிக்கை எழுகிறது: கத்திக்குக் கடுமையான சட்டம் வேண்டும், விற்பனையைப் பதிய வேண்டும், வீதியில் கொண்டு திரிவதைத் தடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுக் குழுக்கள் வீடு புகுந்து வெட்டிய காலத்தில், கொல்லுப் பட்டறைகளையும் கண்காணிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. அந்தக் குரலை நாம் குறை சொல்லவில்லை. வெட்டுப்பட்டவனின் தாய்க்குச் சட்டம் கேட்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் கத்தியைக் கையில் பிடித்துச் சோறு தின்னும் மக்கள் நாம். அந்த விவாதத்தில் நம்முடைய குரலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மை நினைக்காமலேயே சட்டம் எழுதப்படும்.

முதலில் அந்தக் "கூர்" பற்றிச் சொல்லிவிடுவோம். தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டு ஒரே வீச்சில், சரிவாக, சுத்தமாக விழவேண்டும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும். பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கி, மரம் அழுகும். ஆகவே கவ்வாத்துக்காரன் கூரில்லாத கத்தியோடு மலைக்குப் போனால் கங்காணியின் ஏச்சுத்தான் கிடைக்கும். றப்பர் பால் வெட்டுபவரின் கத்தியும் அப்படித்தான். பட்டை மட்டும் சீவப்பட வேண்டும், உள்மரம் காயப்படக் கூடாது. திருகோணமலையில் மீன் வெட்டுபவர், பாளை சீவுபவர், தாக்கத்தி பிடிக்கும் தம்பலகாமத்து விவசாயி, காட்டுக்கத்தியோடு விறகுக்குப் போகும் பெண், எல்லோருக்கும் இதே கதை. கூர் என்பது கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியல்ல. தொழில் தெரிந்தவன் என்பதற்குத்தான் அது சாட்சி.

நாட்டில் சட்டமே இல்லை என்பதும் சரியல்ல. ஆபத்தான ஆயுதத்தால் காயம் ஏற்படுத்துவதை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 315ஆம் பிரிவிலும், கடுங்காயம் ஏற்படுத்துவதை 317ஆம் பிரிவிலும் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியிலேயே கத்திக்கென்று ஒரு கட்டளைச் சட்டமும் வந்தது. சட்டம் இருக்கிறது. அது யார்மீது பாய்கிறது, யாரைக் கண்டும் காணாமல் விடுகிறது என்பதுதான் நம் கவலை.

2019ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவசரகாலச் சட்டம் வந்தது. மே மாத ஆரம்பத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி பொலிஸ் பேச்சாளர் பொதுமக்களைக் கேட்டார். அன்றாட வேலைக்குப் பாவிக்கும் கத்திகளுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லப்பட்டது. கேட்க நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை அங்குலம் வரை அன்றாடக் கத்தி? மன்னாக் கத்தி எந்தப் பக்கம், காட்டுக்கத்தி எந்தப் பக்கம்? கவ்வாத்துக் கத்தியை ஒருபோதும் பார்த்திராத உத்தியோகத்தர் அதை எதில் சேர்ப்பார்? இதையெல்லாம் முடிவுசெய்யும் பொறுப்பு, வீட்டு வாசலில் நின்ற உத்தியோகத்தரின் தலையில் விழுந்தது. அன்றைய பயத்தில் அந்த முடிவு எந்த மக்களுக்கு எதிராகச் சாய்ந்தது என்பதை முஸ்லிம் அயலவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண் கைதானார். அவருடைய உடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரப் படம். அதைத் தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் நிற்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அது சுக்கான் என்று சொல்லியிருக்கும். உடையிலிருந்த படத்துக்கே அந்த நிலை என்றால், சாக்கில் சுற்றிய கத்திக்கு என்ன விளக்கம் எடுபடும்?

வாள்களை ஒப்படைக்கச் சொன்ன அதே மே மாதம் 13ஆம் திகதி, வடமேல் மாகாணத்தில் கும்பல்கள் முஸ்லிம் ஊர்களுக்குள் புகுந்தன. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி தன்னுடைய பட்டறையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஒப்படைத்தவர்கள் ஒப்படைத்துவிட்டார்கள். வெட்ட வந்தவர்களின் கையில் மட்டும் வாள் இருந்தது.

இது புதிதல்ல. இதே திருகோணமலையில் 2006 ஏப்ரல் 12ஆம் திகதி மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. சிறிது நேரத்திலேயே கத்தி, கோடரி, பொல்லுகளோடு ஒரு கும்பல் இறங்கித் தமிழரின் கடைகளையும் ஆட்களையும் தாக்கியது. படையினரும் பொலிஸாரும் உடனே தடுக்கவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் எழுதிவைத்திருக்கின்றன. நம் மலையகத்தில், பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாமில், 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி கத்தியும் பொல்லும் ஏந்திய கூட்டம் புகுந்து, தடுத்து வைக்கப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கே காவலில் நின்ற நேரத்தில் நடந்தது அது. 2003இல் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர்நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது.

நூறு பேர் கூட்டமாகக் கத்தி தூக்கினால் அதற்கு "ஆத்திரம்" என்று பெயர். தோட்டத்துப் பையன் ஒருவன் சாக்கில் சுற்றிய கத்தியோடு பஸ்ஸில் வந்தால் அது "சந்தேகம்". இந்த வேறுபாட்டைத் தீர்க்காமல் எத்தனை புதிய சட்டம் கொண்டுவந்தாலும், அது ஏற்கனவே குனிந்து நிற்பவனின் முதுகில்தான் ஏறும்.

மற்ற நாடுகளிலும் இந்த விவாதம் நடக்கிறது. அங்கிருந்து எடுக்க வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும் உண்டு. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி கொண்டு செல்வது குற்றம். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு. தொழிலுக்காக, சமயத்துக்காக, தேசிய உடையின் பகுதியாகக் கொண்டு செல்வது நியாயமான காரணம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்ட பிறகு அங்கே விவாதம் இன்னும் சூடானது. அதே வருடம் செப்டெம்பரில், பயமுறுத்தும் வடிவில் செய்யப்படும் ஒரு வகைப் பெரிய கத்திகளை வைத்திருப்பதே தடை செய்யப்பட்டது. எட்டு அங்குலத்துக்கு மேல் நீளம், கூர் முனை, அதோடு இரம்பப் பல், முட்கள், ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் போன்ற அடையாளங்களில் ஏதாவது இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். தோட்டக்காரனின் சாதாரண வெட்டுக்கத்தி அதில் அகப்படாது.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகளை ஆயுதங்களில் சேர்க்கின்றன. ஆனால் வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவை இதில் அடங்கா என்று அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. 2021 செப்டெம்பரில் தமிழ்நாட்டுப் பொலிஸார் அரிவாள் செய்யும் பட்டறைகளிலும் கடைகளிலும் கமெராப் பொருத்தவும், வாங்குபவரின் பெயர் விலாசத்தைப் பதியவும் சொன்னபோதும், விவசாயத்துக்கும் வீட்டுக்கும் விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆக, கருவியையும் ஆயுதத்தையும் பிரித்துச் சட்டம் எழுத முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் எழுத்து மட்டும் போதாது. இங்கிலாந்தில் அவ்வளவு விபரமாகச் சட்டம் இருந்தும், வீதியில் மறித்துச் சோதிக்கப்படுபவர்களில் கறுப்பின இளைஞர்களின் பங்கு அவர்களுடைய சனத்தொகைக்கு மிஞ்சியதாகவே இருந்துவருகிறது. யாரை மறிப்பது என்பதைச் சட்டப் புத்தகம் முடிவுசெய்வதில்லை. மறிப்பவரின் கண்தான் முடிவுசெய்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். பாராமல் மற்றவரை மட்டும் குறை சொன்னால் இந்தப் பத்திரிகையை நம்மவர்களே மதிக்க மாட்டார்கள். சம்பள நாளன்று லயத்தில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாதா? இரண்டு போத்தல் காலியானதும் கூரை இடுக்கில் செருகிய கத்தி வெளியே வருகிறது. தண்ணீர்க் குழாய்க்கு, கோழிக்கு, பழைய காதல் கதைக்கு அண்ணன் தம்பியே வெட்டிக்கொள்கிறார்கள். மனைவியின் முன்னால் கத்தியைத் தரையில் குத்திவிட்டுச் சாப்பாடு கேட்பவர்களும் நம் உறுப்பினர்களில் இருக்கிறார்கள். அப்படி மிரட்டப்படும் பெண் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்குத் துணையாகப் போவது தோட்டக் கமிட்டியின் கடமை. "குடும்ப விஷயம்" என்று தலைவர் ஒதுங்குவது சங்கத்துக்கு அழகல்ல.

பள்ளிக்கூடத்தில் நாம் கண்டதையும் சொல்கிறோம். ஒரு வருடத்துக்குள் இரண்டு பையன்களின் புத்தகப் பையிலிருந்து கத்தி எடுத்தோம். இரண்டும் ஒரே கடையில் வாங்கியதுபோல் இருந்தன. முதல் பையன், பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். விசாரித்தோம், உண்மைதான். காலையில் கத்தியை அதிபரின் அலுமாரியில் வைத்துவிட்டுப் பின்னேரம் எடுத்துப்போகச் சொன்னோம். மற்றவன் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "மேல் லயத்துப் பொடியன்கள் அடிக்க வருவாங்க" என்றான். அவனைத் தண்டிக்காமல், இரண்டு லயத்துப் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினோம். சண்டை அதோடு முடிந்தது. இரண்டு கத்தியையும் பார்த்து ஒரே முடிவு எடுத்திருந்தால், ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்திருப்போம், அல்லது மற்றப் பிள்ளையை ஆபத்தில் விட்டிருப்போம். "எதற்கு?" என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டதால்தான் இரண்டும் சரியாக முடிந்தன. நாட்டின் சட்டத்திடமும் நாம் கேட்பது இதைத்தான்.

ஆகவே கத்தி பற்றி எந்தப் புதிய சட்டமோ ஒழுங்குவிதியோ வந்தாலும், பின்வருவன அதில் இருக்க வேண்டும் என்று நம் சங்கம் கோருகிறது.

முதலாவது, எது தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்பது வர்த்தமானியில் மூன்று மொழிகளிலும் அளவோடும் வடிவத்தோடும் இருக்க வேண்டும். பேச்சாளரின் வாய்மொழி போதாது. கவ்வாத்துக் கத்தி, பால்வெட்டுக் கத்தி, மீன் வெட்டும் கத்தி, காட்டுக்கத்தி, தாக்கத்தி, பாளைக் கத்தி ஆகியவை தொழிற்கருவிகள் என்று பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, வேலைக்குப் போவது, வருவது, கத்தி வாங்கி வருவது, சாணை பிடிக்கக் கொண்டுபோவது எல்லாம் நியாயமான காரணங்களாக ஏற்கப்பட வேண்டும். நாட்கூலிக்காரனிடம் முதலாளியின் கடிதம் இருக்காது. கிராம உத்தியோகத்தரின் கடிதமோ சங்கத்தின் கடிதமோ செல்லுபடியாக வேண்டும்.

மூன்றாவது, வாக்குமூலம் அவரவர் மொழியில் பதியப்பட வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. திருகோணமலையில் ஒரு தமிழ் இளைஞன் தனக்கு வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைக்கும் நிலை இருக்கவே கூடாது.

நான்காவது, குற்றமில்லை என்று விடுவிக்கும்போது கருவியையும் தாமதமின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கருவியைப் பறிப்பது கூலியைப் பறிப்பது.

ஐந்தாவது, கும்பலாகக் கத்தி தூக்குபவர்கள்மீது, அவர்கள் எந்த இனம், எந்த மதம், எந்தக் கட்சி என்று பாராமல் இதே சட்டம் பாய வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதைப்போலவே உறுப்பினர்களிடமும் கேட்கிறோம். வேலைக் கத்திக்கு உறை செய்துகொள்ளுங்கள். பழைய டயர்த் துண்டோ தடித்த சாக்கோ போதும். இடுப்பில் செருகிக்கொண்டு கடைவீதிக்கு வராதீர்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் தவறணைக்கும் கத்தியோடு போகாதீர்கள். அங்கே கவ்வாத்து வெட்ட எதுவும் இல்லை. வீட்டில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சண்டையில் கத்தி எடுத்தவருக்குச் சங்கம் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தரணி பிடித்துக் கொடுக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சோதனையில் மறித்தால் ஓடாதீர்கள், கத்தியை வீசி எறியாதீர்கள். பையில் கத்தி இருக்கிறது, இன்ன வேலைக்கு என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கைது செய்தால் காரணத்தைக் கேளுங்கள். அதைச் சொல்லவேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகிறது. வாக்குமூலத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டவோ, புரியும் மொழியில் சொல்லவோ வேண்டும், நீங்கள் திருத்தவும் சேர்க்கவும் இடம் தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன் கையெழுத்து வைக்காதீர்கள். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளின் தொலைபேசி இலக்கத்தையும் வேலை செய்யும் இடத்தையும் தோட்டத் தலைவரிடம் பதிந்து வையுங்கள். கத்தியோடு போகும் பிள்ளைகளுக்குச் சங்கக் காரியாலயத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். இந்த மாதத்திலிருந்து அந்தக் கடிதத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுக்கிறோம். கட்டணம் இல்லை.

நாம் பார்க்க வந்த தம்பி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். அவர் வேலை செய்த காணிக்காரர், ஒரு முஸ்லிம் பெரியவர், தானே வந்து கடிதம் எழுதிக் கொடுத்தார். "என்ட காணியில வேல செஞ்ச புள்ள, நான் சொல்லாம வேற ஆரு சொல்லுற?" என்றார். 2019இல் தன் வீட்டுத் தேங்காய்க் கத்திக்கே விளக்கம் சொல்லவேண்டியிருந்ததாம். ஒருவருடைய கத்திக்கு இன்னொருவர் சாட்சி சொல்லும் இந்த ஒற்றுமைதான் இன்றைக்கு நம் கையிலிருக்கும் பாதுகாப்பு. சட்டம் திருந்தும்வரை அதை விட்டுவிடக் கூடாது.

தகப்பனின் கத்தி இன்னும் வழக்குப் பொருளாகவே இருக்கிறது. அடுத்த தவணையில் அதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பம் செய்கிறோம். என்ன நடந்தது என்பதை அடுத்த இதழில் எழுதுவோம்.